பன்னிரண்டாவது பலகை

நான் சமையலறைக்குள் போய் அடுப்புப் பக்கம் திரும்பினால் அது கூவும்.

அடுப்புக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில், சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. காஸ் கசிந்தால் ஊரைக் கூட்டவேண்டிய கருவி. எங்கள் வீட்டில் காஸ் கசிந்ததே இல்லை. ஆனாலும் காலையில் தேநீர் போடக் கெட்டிலைத் தூக்கினால் 'கீ' என்று ஒரு சின்னச் சத்தம். நகர்ந்தால் நின்றுவிடும். திரும்பக் கிட்டே போனால் மறுபடி 'கீ'. பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்த்ததும் ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிற ஆளைப் போல.

அதை மாட்டியவர் என் கணவர். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது.

அவருடைய தங்கை என்னோடுதான் இருக்கிறாள். அவள் சமையலறைக்கு வந்தால் அந்தப் பெட்டி வாயே திறக்காது. "அண்ணன் உங்களைத்தான் கூப்பிடறான் அண்ணி," என்பாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் பாசம் பாதி, குத்தல் பாதி. நாத்தனார் என்றால் சும்மாவா.

"பேயும் இல்ல பிசாசும் இல்ல. இன்புட் தொங்குது, அவ்வளவுதான்," என்பேன் நான்.

உண்மையும் அதுதான். பெட்டிக்குள்ளே காஸை மோப்பம் பிடிக்கும் சென்சார் ஒரு பக்கம் இருக்கிறது. அது சொல்வதைக் கேட்டு, 'அளவு மீறிவிட்டது, அலறு' என்று முடிவு செய்யும் சில்லு இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்ப்பது ஒரு மெல்லிய தாமிரத் தடம். இந்தப் பெட்டியில் அந்தத் தடம் அறுந்து கிடக்கிறது. சென்சார் தொண்டை கிழியக் கத்தினாலும் சில்லுக்குக் கேட்காது. எதோடும் சேராமல் தொங்கும் சில்லின் கால், சுவருக்குள் ஓடும் கரண்டின் இரைச்சலையும் பக்கத்தில் வரும் ஆளின் உடம்பையும் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததை உளறும். அடுப்புப் பக்கம் போவது நான் மட்டும்தான். நாத்தனார் தண்ணீர் பிடிக்கும் குழாய் எதிர்ச்சுவரில் இருக்கிறது.

இவ்வளவும் தெரியும். தெரிந்தும், தினமும் அந்தச் சத்தம் வந்ததும் கெட்டிலை வைத்துவிட்டு ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் என் சமையலறையில் ஒரு வாரம் தனியாக நின்று பார்க்கட்டும். பெட்டியைக் கழற்றிப் போட எத்தனையோ முறை கையை உயர்த்தியிருக்கிறேன். கை கிட்டே போகப் போக அது கூவும். கையை இறக்கிவிடுவேன்.

நாங்கள் மூவருமே ஒரே தொழிற்சாலை. சர்க்யூட் போர்டு செய்யும் இடம். நாத்தனாருக்கு டிரில்லிங் மெஷின். நாள் முழுக்க ஓட்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே வேலையைத்தான் பார்க்கிறாள் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் வரைவாளர். எந்தத் தடம் எந்த வழியாக ஓடவேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து, ஃபிலிமாக எடுத்துக் கொடுப்பார். நான் இப்போது சரிபார்ப்பு மேஜையில் இருக்கிறேன். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு முடிந்த பலகைகளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. குறை கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள் என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவரைத் தொழிற்சாலையில் எல்லோரும் 'எறும்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். தான் வரைந்த ஒவ்வொரு பலகையின் காலி மூலையிலும் ஒரு எறும்பை விட்டுவைப்பார். மூன்று புள்ளி, ஆறு கோடு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதுவும் தாமிரத்திலேயே. வாடிக்கையாளர் பலகையில் இப்படியெல்லாம் செய்யக்கூடாதுதான். ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் லென்ஸ் வைத்துப் பார்ப்பதில்லை, கீழே இருக்கிற நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாத் தடத்தையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் எறும்பை விடுவார். அது ஏறினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஃபிலிம் அவர் கையைவிட்டு வரும்போது, "எறும்பு ஏறியாச்சா?" என்று கேட்டுத்தான் வாங்குவோம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் காஸ் அலாரம் செய்யும் வேலை வந்தது. நாற்பது பெரிய தகடு. ஒரு தகட்டில் பன்னிரண்டு பலகை. அப்போது நான் சரிபார்ப்புக்கு வரவில்லை, மஞ்சள் அறையில் இருந்தேன்.

மஞ்சள் அறையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் தொழிலில் தடத்தைப் போடுவதில்லை, தடம் இல்லாத இடத்தை எடுக்கிறோம். தகடு முழுக்கத் தாமிரம் பூசியிருக்கும். அதன்மேல் வெளிச்சம் பட்டால் இறுகிப்போகும் ஒரு மெல்லிய தோலை ஒட்டுவோம். அதற்கு மேலே ஃபிலிம், அதற்கு மேலே கண்ணாடி. ஃபிலிமில் தடம் இருக்கும் இடமெல்லாம் தெளிவாக இருக்கும், மற்றதெல்லாம் கறுப்பு. கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிரை அடித்தால் தடத்தின் மேலிருக்கும் தோல் மட்டும் இறுகும். மிச்சத் தோலைக் கழுவிவிட்டு தகட்டைத் திராவகத்தில் விட்டால், தோல் மூடாத தாமிரத்தை அது தின்றுவிடும். தோலுக்கு அடியில் இருந்தது தடமாக நிற்கும். சாதாரண வெளிச்சம் பட்டாலே அந்தத் தோல் இறுகிவிடும் என்பதால் அந்த அறையில் மஞ்சள் விளக்கு மட்டும்தான். அங்கே எல்லோர் முகமும் காமாலை பிடித்த மாதிரி இருக்கும். நீலச் சட்டை கறுப்பாகத் தெரியும். மஞ்சள் பேனாவால் வெள்ளைக் காகிதத்தில் எழுதினால் எழுதினதே தெரியாது. அந்த அறைக்குள் போய் வந்தால் வெளியே பகல்கூடக் கொஞ்ச நேரம் நீலமாகத் தெரியும்.

அந்த அலாரம் ஒரு வீட்டில் அலறவில்லை. காஸ் கசிந்து நின்ற சமையலறையில் அந்த வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைத்தாள். உயிர் பிழைத்தாள். இரண்டு கையும் வெந்துபோயின.

திரும்பி வந்த பலகைகளைப் பார்த்தபோது, தகட்டுக்கு ஒன்று என்று நாற்பதில் அந்த ஒரே தடம் அறுந்திருந்தது. எல்லாம் பன்னிரண்டாவது பலகை, தகட்டின் கீழ்க்கோடி மூலையில் இருப்பது. சோதனைப் பிரிவில் தகட்டுக்கு ஒன்று எடுத்துச் சோதிப்பார்கள். கைக்கு வாகாக எப்போதும் முதல் பலகையைத்தான் எடுப்பார்கள். அதனால் தப்பிவிட்டது. மூன்று நாள் ஆளாளுக்குத் தேடினார்கள், ஃபிலிமைப் பார்க்கும் வேலை அவரிடம் இருந்தது. நான்காம் நாள் காலையில் என் கணவர் மேனேஜர் அறைக்குப் போய், "என் தப்பு சார். பன்னிரண்டாவது இடத்துல ஃபிலிமைக் கையால டச்-அப் பண்ணினேன், தடத்தை மூடிட்டேன்," என்று ஃபிலிமைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே வேலை போயிற்று.

அதற்குப் பிறகு ஆறு மாதம் உயிரோடு இருந்தார். அந்த ஆறு மாதமும் நான் வாயை மூடவில்லை.

எனக்கு வாய் நீளம், அது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த ஆறு மாதம் பேசினது வாய் இல்லை, விஷம். "உங்க எறும்பு மட்டும் அழகா ஏறியிருக்கு, தடம் எங்க போச்சு?" என்பேன். "அந்தப் பொம்பளை இப்ப எந்தக் கையால தலை சீவுவா?" என்பேன். அவர் தேநீர் டம்ளரை எடுக்கும்போது, "உங்களுக்குக் கை நல்லாத்தான் இருக்கு," என்பேன். ஒரு நாள்கூடத் திருப்பிச் சொன்னதில்லை. திரும்பி வந்த பலகை ஒன்றைப் பெட்டியில் பொருத்தி அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டு, "இருக்கட்டும்," என்றார். நான் திட்ட வாயெடுத்துக்கொண்டு கிட்டே போனால் அது கூவும். "உன் சத்தத்துக்கு அதுவே பயப்படுது பாரு," என்று சிரிப்பார். ஒரு மத்தியானம் அதற்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட நான் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நினைவில்லாதது நல்லதுதான்.

போன திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். அதே அலாரத்தை இன்னொரு வாடிக்கையாளர் கேட்கிறாராம். பழைய குறை எதனால் வந்தது என்று சரிபார்ப்பவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம்.

"உங்களைக் கேக்கவே சங்கடமா இருக்கும்மா," என்றார். "ஆனா செக்கர் நீங்கதானே. வரைவாளர் தவறுன்னு ரெண்டு வரி. வியாழக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க."

ஃபைலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னேன். நாத்தனார் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே தள்ளிவைத்தாள்.

"எங்கண்ணன் அந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான். அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்."

"அவரே ஒத்துக்கிட்டாரே. நான் என்ன பண்ண?"

"உயிரோட இருக்கும்போது வாயால கொன்னீங்க. இப்ப கையெழுத்தால கொல்லப்போறீங்களா? அதுல நீங்க கையெழுத்துப் போட்டா, நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்."

அவள் போனபிறகு தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். 'கீ' என்றது. "நீங்களும் ஆரம்பிக்காதீங்க," என்றேன். சுவரோடு பேசும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஃபைலைத் திறந்தேன். மேலேயே அந்தப் பெண்ணின் கைகளின் படம். கட்டுப் போட்ட இரண்டு கை, மடியில் வைத்தபடி. முகம் இல்லை. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஃபிலிமை எடுத்தேன். அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு இருந்த கோபத்தில் பார்க்கவே பிடிக்கவில்லை.

விளக்கு மேஜையில் விரித்து லென்ஸை வைத்தேன். பன்னிரண்டாவது இடத்தில் தடம் இல்லைதான், கறுப்பு மை வைத்து மூடியிருந்தது. சரி, எழுதவேண்டியதை எழுதிவிடலாம் என்று லென்ஸை எடுக்கப் போனவள் பழக்கதோஷத்தில் மூலையைப் பார்த்தேன்.

எறும்பு இல்லை.

முதல் பலகையைப் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது, பன்னிரண்டையும் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. அவருடைய பதினெட்டு வருஷ வேலையில் எறும்பு ஏறாத ஃபிலிம் மஞ்சள் அறைக்கு வந்ததே கிடையாது. ஏறாவிட்டால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன். திரும்பி வந்த பலகைகளை அப்போதே அழித்துவிட்டார்கள். நாற்பதில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்புக்கு மேலிருந்த பெட்டியைக் கழற்றினேன். கை பட்டதும் விடாமல் கூவியது. கரண்டை நிறுத்தியும் அரை விநாடி இழுத்துக்கொண்டிருந்துவிட்டு அடங்கியது. மூடியைத் திறந்து பலகையை வெளியே எடுத்து, பச்சைப் பூச்சுக்கு அடியில் மூலையைப் பார்த்தேன்.

இருந்தது. மூன்று புள்ளி, ஆறு கோடு.

"இங்க வா! சீக்கிரம் வா!" நான் போட்ட கூச்சலில் நாத்தனார் ஓடிவந்தாள். லென்ஸை அவள் கண்ணில் அழுத்தினேன்.

"எறும்புதானே? அதுக்கென்ன?"

"ஃபைல்ல இருக்கிற ஃபிலிம்ல எறும்பு இல்ல. பலகையில இருக்கு. அப்ப இந்தப் பலகை அந்த ஃபிலிம்ல வந்ததே இல்ல. நிஜமான ஃபிலிம்ல தடம் சரியாத்தான் இருந்திருக்கு. உங்கண்ணன் தப்பே பண்ணல. அந்த ஃபிலிமை அப்புறமா உக்காந்து செஞ்சிருக்கார். பொய்யா செஞ்சிருக்கார்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எட்டு மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான். பொய்க்குக்கூட அவர் எறும்பை விடவில்லை என்று நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. அவரைப் பற்றி அப்படி நினைத்து எவ்வளவு நாளாயிற்று.

"அப்ப யாரு அண்ணி?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "யாரைக் காப்பாத்த அவன் பொய் சொன்னான்?"

"கண்டுபிடிக்கிறேன். எவனா இருந்தாலும் விடப்போறதில்ல."

நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவள் முகம் கழுவப் போனாள். நான் அறுந்த இடத்தை லென்ஸில் பார்த்தேன். எல்லாத் தகட்டிலும் ஒரே இடத்தில் குறை வந்தால், ஒன்று ஃபிலிமில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அதன்மேல் வைக்கும் கண்ணாடியில். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. தூசி என்றால் ஓரம் பிசிறடிக்கும். கீறல் என்றால் முடிபோல இருக்கும். இது இரண்டும் இல்லை. தடத்தின் இரண்டு முனையும் கத்தி வைத்து வெட்டின மாதிரி நேராக, ஒன்றுக்கொன்று சமமாக நின்றன. ஸ்கேலை வைத்தேன். இடைவெளி சரியாக ஆறு மில்லிமீட்டர்.

நேரான இரண்டு ஓரம் என்றால் டேப். ஃபிலிம் நகராமல் இருக்க அதைக் கண்ணாடியோடு சேர்த்து நாலு மூலையிலும் டேப் போடுவோம். ஆனால் அது தெளிவான டேப். எவ்வளவு உள்ளே தள்ளி ஒட்டினாலும் கதிர் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் யாரும் அளந்து ஒட்டுவதில்லை, நானும் அளந்ததில்லை. தெளிவான டேப்பால் தடம் போகாதே என்று யோசித்துக்கொண்டே, ஒரு வாய் தேநீர் குடித்தால் மூளை வேலை செய்யும் என்று எழுந்து கெட்டிலைத் தூக்கினேன்.

அந்தக் கெட்டிலுக்குக் கைப்பிடி விரிசல் விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சூடு தாங்கும் டேப்பை இறுக்கிச் சுற்றி வைத்திருக்கிறேன். தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டர் பிரிவில் வைத்திருப்பார்கள். நான் சால்டர் பிரிவில் இருந்ததில்லை. அந்த டேப் என் வீட்டுக்கு எப்படி வந்தது?

அந்த வாரம் மஞ்சள் அறையில் தெளிவான டேப் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோரில் கேட்டால் நாளைக்கு என்றார்கள். வேலை நிற்கக்கூடாது என்று சால்டர் பிரிவில் போய் ஒரு ரோல் வாங்கி வந்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் ஒட்டியபோது அது கண்ணாடியோடு கண்ணாடியாகிவிட்டது, தெளிவான டேப்பைவிடத் தெளிவாக. நல்ல டேப்பாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். கீழ்க்கோடி மூலையில் மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டியிருப்பேன். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்து கெட்டிலுக்குச் சுற்றினேன்.

கெட்டிலை மெதுவாகக் கீழே வைத்தேன். கைப்பிடி டேப்பின் அகலத்துக்கு ஸ்கேலை வைத்தேன். ஆறு மில்லிமீட்டர்.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் மேனேஜரிடம் போனதற்கு முந்தின சாயங்காலம் இதே மேஜையில் உட்கார்ந்து இதே பலகையை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இதே கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் என் கையையே பார்த்தார். என் கையை இல்லை, கைப்பிடியை. பிறகு கேட்டார், "இது உன் கையால நடந்திருந்தா நீ என்ன பண்ணுவ?"

"என் கையாலயா? அப்படி நடந்திருந்தா நான் உயிரோட இருப்பேனா?" என்றேன். நான் எதையும் அப்படித்தான் பேசுவேன், வார்த்தைக்கு வார்த்தை. அவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் அவர் நிஜம் என்று எடுத்துக்கொண்டார்.

நாத்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏன் அண்ணி இப்படி வெளுத்துப்போயிட்டீங்க?"

"தலைவலி," என்றேன்.

புதன்கிழமை பகல் சாப்பாட்டு இடைவேளையில் மஞ்சள் அறைக்குப் போனேன். கெட்டிலிலிருந்து உரித்த டேப் துண்டைக் கொண்டுபோயிருந்தேன். வாசலில் பார்த்தால் தேன் நிறம். உள்ளே போய்க் கண்ணாடியில் ஒட்டினால் காணவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கமுடிந்தது. ஒரு வீணான தகட்டை எடுத்துத் தோல் ஒட்டி, ஃபிலிம் வைத்து, கதிர் அடித்து, கழுவி, திராவகத் தொட்டிக்காரனிடம் கொடுத்தேன். அவனுக்குப் பட்டப்பெயரே திராவகம். ஆள் என்னவோ வெண்ணெய்.

"என்ன அக்கா, சாப்பிடாம சோதனை?"

"போட்டு எடு. பேசாதே."

தகடு தொட்டியின் மறுபக்கம் சொட்டச் சொட்ட வந்தது. தடங்கள் எல்லாம் பளிச்சென்று நின்றன. தேன் நிறம் ஊதாக் கதிரைத் தடுத்துவிட்டதால், டேப் இருந்த இடத்தில் மட்டும் ஆறு மில்லிமீட்டருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு முனையும் கத்தி வைத்து வெட்டின மாதிரி நேராக.

"ஐயோ, அந்த அலாரம் மாதிரியே இருக்கே," என்றான் திராவகம். என் முகத்தைப் பார்த்ததும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேஜைக்குப் போனேன். ஃபைலைத் திறந்து, கவிழ்த்து வைத்திருந்த படத்தை நிமிர்த்தி எதிரே வைத்தேன். அந்த இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே எழுதினேன். இரண்டு வரி கேட்டார்கள், ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசியில், 'டேப்பை ஒட்டியது நான். வரைவாளர் மீது எந்தத் தவறும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தடம் அறுந்த சோதனைத் தகட்டையும் சேர்த்து மேனேஜரிடம் கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போனவர் போயிட்டார்மா. இனிமே அவருக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. இது வெளிய போனா உங்களுக்குத்தான் ஆகும். இதைக் கிழிச்சுடட்டுமா?"

"அவருக்கு ஆகவேண்டியதெல்லாம் ஆயிடுச்சு சார்."

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"ஆறு மாசம் யோசிக்காமலே பேசினேன் சார். இப்பதான் யோசிக்கிறேன்."

சொல்லி அனுப்பும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார். லென்ஸை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் பாதி வழியில் அது என் சொந்த லென்ஸ் என்று ஞாபகம் வந்து, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன். துக்கத்திலும் எனக்கு என் பொருள் என்னிடம் இருக்கவேண்டும்.

நாத்தனாரிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் கெட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க திட்டினப்பல்லாம் அவனுக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"ஆறு மாசமும்."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி. என்கிட்டகூடச் சொல்லலையே."

எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்குவது எவ்வளவு பெரிய பாரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். திட்டு கிடைக்காமல் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய பாரம்.

மேஜையில் அந்தப் பலகை கிடந்தது. இதை ஏன் அவர் அழிக்காமல் வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எறும்பு இருக்கும் பலகையை உடைக்க மனசு வரவில்லையோ என்னவோ. இல்லை, என்றைக்காவது ஒரு நாள் நான் வாயை மூடிவிட்டு லென்ஸை எடுப்பேன் என்று என் கண்ணெதிரேயே மாட்டிவைத்தாரோ. கேட்பதற்கு ஆள் இல்லை.

அறுந்த தடத்தின் இரண்டு முனையிலும் பச்சைப் பூச்சைச் சுரண்டினேன். முடி கனத்தில் ஒரு தாமிரக் கம்பியை ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, நேராக வைத்து, இரண்டு பக்கமும் சால்டர் செய்தேன். எத்தனையோ பலகையில் செய்த வேலைதான். மூன்றாவது முயற்சியில்தான் கம்பி நேராக நின்றது. பலகையைப் பெட்டிக்குள் வைத்து அடுப்புக்கு மேலே பழைய இடத்தில் மாட்டினேன். சென்சார் சூடேறட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். லைட்டரைப் பற்றவைக்காமல் அதன் காஸை மட்டும் பெட்டிக்குக் கீழே பிடித்தேன்.

அலறியது. இத்தனை நாளாக நான் கேட்ட 'கீ' இல்லை இது. ஜன்னல் கண்ணாடி அதிரும் அலறல். பதினான்கு மாதத்துக்கு முன்னால் வேறொரு சமையலறையில் கேட்டிருக்கவேண்டிய சத்தம். நான் காதைப் பொத்தவில்லை. முழுக்கக் கேட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் ஓடிவந்தாள். அழுது வீங்கின கண். "அண்ணி! என்ன பண்ணித் தொலைச்சீங்க? கையைக் காட்டுங்க!" என் இரண்டு கையையும் பிடித்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தும் விடவில்லை. அலாரம் தானாக அடங்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை. வேலை இல்லை என்றாலும் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. சமையலறைக்குப் போய் அடுப்புப் பக்கம் திரும்பினேன். சத்தம் இல்லை. கெட்டிலைத் தூக்கினேன். டேப் இல்லாத கைப்பிடி உள்ளங்கையில் குத்தியது. பெட்டிக்கு நேர் கீழே போய் நின்றேன். கையை உயர்த்தி அதைத் தொட்டேன். அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நன்றாக வேலை செய்யும் கருவி, நான் வந்ததற்கெல்லாம் எதற்குக் கூவப்போகிறது.

வாசல்வரை திரும்பிப் போய், மறுபடி உள்ளே வந்தேன்.

"வந்துட்டேங்க," என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தண்ணீரை அடுப்பில் வைத்தேன்.